தண்ணீரைப் பிரித்த கதை

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றிச் செய்தித்தாள்களில் எழுதும்போதெல்லாம், நாளைக்கு வரப்போகும் புதுமை என்றே எழுதுகிறார்கள். பவானிக்காரனான எனக்கு உடனே மேட்டூர் நினைவுக்கு வரும். எங்கள் ஊரிலிருந்து காவிரிக் கரையோடு வடக்கே போனால் அம்மாபேட்டை, நெருஞ்சிப்பேட்டை தாண்டி மேட்டூர். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே அங்கே ஆற்று நீரின் வேகத்தில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் குமிழ்குமிழாக வெளியேறியது. அதை யாரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது காஸ்டிக் சோடா. ஹைட்ரஜன் கூடவே வந்த துணைப்பொருள்.

மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். 1937இல் அணையடி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1932இல், நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்து நூற்பாலைகளைப் பெருக்கிவிட்டிருந்தது. மின்சாரம் எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே தொழில் வேர் பிடிக்கும் என்பதைக் கொங்கு நாடு அந்தப் பத்து ஆண்டுகளில் கண்ணெதிரே பார்த்தது. திருச்சியில் மின்விநியோகத் தொழில் நடத்திவந்த சேஷசாயி சகோதரர்களும் அதைப் பார்த்தவர்கள்தான். 1936இல் அணைக்குப் பக்கத்திலேயே மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் உருவானது. உப்பும் தண்ணீரும் மின்சாரமும் இருந்தால் போதும், காஸ்டிக் சோடா செய்துவிடலாம். உப்பு கடற்கரையிலிருந்து ரயிலில் ஏறி வரும். மற்ற இரண்டையும் காவிரி கொடுத்தது.

இதன் வேதியியலைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உப்புக்கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு முனையில் குளோரின் வரும், இன்னொரு முனையில் ஹைட்ரஜன் வரும், கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு தங்கும். "ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் உப்பிலிருந்து என்பார்கள். உப்பில் சோடியமும் குளோரினும் மட்டுமே இருக்கின்றன. ஹைட்ரஜன் முழுவதும் தண்ணீரிலிருந்து பிரிந்தது. ஒரு டன் காஸ்டிக் சோடா செய்தால் கூடவே 25 கிலோ ஹைட்ரஜன் வரும். இந்த மாதிரி ஆலைகளில் அதைக் குளோரினோடு எரித்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்குவார்கள், கொதிகலனில் எரிப்பார்கள், தேவையில்லை என்றால் காற்றில் விட்டுவிடுவார்கள். குடகு மலையில் பெய்த மழை, அந்த மழையை ஏற்றிவிட்ட வெயில், சுழலி, மின்கலம், ஹைட்ரஜன் என்று தொடர்ச்சியைப் பின்னோக்கிப் பார்த்தால், இன்று பச்சை ஹைட்ரஜன் என்று சொல்லப்படுவது எங்கள் ஆற்றோரத்தில் எப்போதோ நடந்துவிட்ட காரியம்.

அந்தக் காஸ்டிக் எங்கே போனது? சோப்புக்குப் போனது, காகிதத்துக்குப் போனது, துணிக்குப் போனது. ஒரு பங்கு எங்கள் அப்பாவின் சாயப்பட்டறைக்கும் வந்தது.

பவானி ஜமக்காளம் 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து கைத்தறியை நெருக்கியபோது, தடித்த நூலில் வண்ணப் பட்டைகள் போட்டு ஜங்கமர் என்ற நெசவாளர்கள் இங்கே நெய்ய ஆரம்பித்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று அடுத்தடுத்து ஓடும் அந்தப் பட்டைகளுக்குத் தகுந்த நூலைச் சாயம் போட்டுக் கொடுப்பது எங்கள் பட்டறை வேலை. துவைத்தாலும் வெயிலில் கிடந்தாலும் வெளுக்காத சாயம் வேண்டும் என்றால் வாட் சாயம்தான். அதில் ஒன்று ஜேட் கிரீன். 1920இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த பச்சை அது. பொடியாக இருக்கும்போது தண்ணீரில் கரையவே கரையாது. காஸ்டிக் சோடாவும், பட்டறையில் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் போட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும். தொட்டியில் கரைசல் நீலமாக நிற்கும். மூங்கில் கம்பில் கோத்த நூல் சிட்டங்களை முக்கிப் புரட்டி எடுத்தால் நூலும் நீலமாகத்தான் வெளியே வரும். பிழிந்து காற்றில் உதறித் தொங்கவிட்டதும் ஓரத்திலிருந்து பச்சை ஏற ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் சிட்டம் முழுக்கப் பச்சையாகிவிடும். நான் அவசரப்பட்டு அலசத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பார்த்தால் அப்பா தடுப்பார்.

"இன்னுங் கொஞ்சம் காத்துப்படட்டும் கண்ணு. அவசரப்பட்டா நெறம் உக்காராது."

தொட்டியில் ஹைட்ரோஸ் சாயத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது, சாயம் கரைகிறது. வெளியே காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது, சாயம் நூலுக்குள்ளேயே திடமாகி நிறம் உட்கார்ந்துவிடுகிறது. கல்லூரியில் இதைப் படித்த அன்று எனக்கு வேதியியல் முழுவதும் புரிந்த மாதிரி இருந்தது. பொருள்கள் மாறுவது பெரும்பாலும் எலக்ட்ரான் கைமாறுவதால்தான். அப்படியென்றால் எந்த வேதிமாற்றத்திலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எலக்ட்ரானைக் கொடுத்தது யார் என்பது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்த இருநூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்துவிடலாம்.

தண்ணீர் தனிமம் என்றுதான் உலகம் வெகுகாலம் நம்பியது. 1783இல் பாரிஸில் லவாய்சியே அது ஒரு சேர்மம் என்று காட்டினார். 1789இல் ஆம்ஸ்டர்டாமில் வான் ட்ரூஸ்ட்விக், டைமான் என்ற இருவர் உராய்வில் மின்னூட்டம் உண்டாக்கும் இயந்திரத்தைச் சுழற்றி, தங்கக் கம்பி வழியே தண்ணீருக்குள் மின்பொறியைப் பாய்ச்சி வாயுவைப் பிரித்தார்கள். 1800இல் வோல்ட்டாவின் மின்கலம் பற்றிய செய்தி லண்டனுக்கு வந்ததும், நிக்கல்சனும் கார்லைலும் அதே மாதிரி ஒரு கலத்தைச் செய்து அதன் இரண்டு கம்பிகளையும் தண்ணீரில் வைத்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன். எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுத்தது கலத்திலிருந்த துத்தநாகம். துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் ஹைட்ரஜனும் நின்றுவிடும். துத்தநாகம் விலை உயர்ந்தது. அதனால் இந்த வித்தை பல காலம் ஆய்வுக்கூட மேசையை விட்டு இறங்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டைனமோ வந்தபிறகு நிலைமை மாறியது. அருவி இருக்கும் இடத்தில் மின்சாரம் மலிவு, மின்சாரம் மலிவாக இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் மலிவு. நார்வேயின் வெமார்க்கில் அருவி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் அம்மோனியா செய்து உரமாக்கினார்கள். நம் நாட்டில் பக்ரா அணை மின்சாரத்தை நம்பிப் பஞ்சாபின் நங்கலில் இதே வேலை நடந்தது. 1962இல் அங்கே கனநீர் ஆலையும் சேர்ந்துகொண்டது. மேட்டூரைப் போலவே இங்கெல்லாம் கணக்கைக் கட்டியது ஆறுதான். பிறகு நாப்தாவும் இயற்கை எரிவாயுவும் மலிவாகக் கிடைத்தன. அவற்றை நீராவியோடு சூடாக்கி ஹைட்ரஜன் எடுப்பது செலவு குறைவு. அணை மின்சாரத்துக்கு வேறு ஆயிரம் தேவைகள் வந்தன. உலகில் இன்று செய்யப்படும் ஹைட்ரஜனில் மிகப்பெரும்பங்கு எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது, கூடவே டன் கணக்கில் கரியமில வாயுவும் வருகிறது.

இதற்கெல்லாம் நடுவில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1839இல் பிரான்சில் பத்தொன்பது வயது எட்மண்ட் பெக்கரல், கரைசலில் வைத்த மின்முனையில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் ஓடுவதைக் கண்டார். 1912இல் இத்தாலிய வேதியியலர் சியாமிசியன் நியூயார்க்கில் பேசும்போது, புகை கக்கும் நிலக்கரித் தொழிலுக்குப் பதிலாக வெயில் காயும் வறண்ட பூமிகளில் ஒளிவேதித் தொழில்கள் எழவேண்டும் என்றார். 1923இல் கேம்பிரிட்ஜில் ஜே.பி.எஸ். ஹால்டேன், காற்றாலைகளின் மிச்ச மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் திரவமாக்கி நிலத்தடியில் சேமிக்கலாம் என்று பேசினார். அதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார். பல்லடத்திலும் உடுமலையிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளைப் பார்க்கும்போது, அவர் இன்னும் சில பத்தாண்டுகள் இருந்து இதைப் பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

மின்சாரம் என்ற இடைத்தரகர் இல்லாமல் வெயில் நேரடியாகத் தண்ணீரைப் பிரிக்க முடியுமா? இலை தினமும் செய்யும் வேலையின் முதல் பாதி அதுதான். மனிதன் செய்த பொருளால் அது முடியும் என்று காட்டியது டோக்கியோவில். 1967இல் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றைத் தண்ணீரில் வைத்து வலுவான வெளிச்சம் பாய்ச்சினார். படிகத்தின் மேலிருந்து ஆக்சிஜன் குமிழிகள் கிளம்பின, எதிர்முனையிலிருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் கிளம்பியது. படிகம் கரையவும் இல்லை, தேயவும் இல்லை. அவரும் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் எழுதிய கட்டுரை 1972இல் நேச்சர் இதழில் வந்தது. மறுவருடம் பெட்ரோல் நெருக்கடி வந்து உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது.

இங்கே எலக்ட்ரான் கொடுத்தது யார்? தண்ணீரே கொடுத்தது. வெளிச்சம் படிகத்திலிருக்கும் எலக்ட்ரானை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட எலக்ட்ரான் பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. படிகத்தில் விழுந்த காலி இடத்தைத் தண்ணீர் தன் எலக்ட்ரானைக் கொடுத்து நிரப்பி, ஆக்சிஜனாகப் பிரிகிறது. துத்தநாகம் தீரவில்லை, ஹைட்ரோஸ் தீரவில்லை, அணையும் தேவைப்படவில்லை. தண்ணீருக்குள்ளேயே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு வெயில் கூலி கொடுக்கிறது. இந்த வரலாற்றில் கணக்கு முழுசாக நேரான முதல் இடம் இது என்பது என் எண்ணம்.

டைட்டானியமும் நமக்குப் புதிதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட்டாகக் கிடக்கிறது. 1946இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் ஆலை இந்த இல்மனைட்டிலிருந்துதான் வெள்ளைப் பொடி எடுத்தது. நாம் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருப்பது அந்தப் பொடிதான்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அது வெள்ளையாக இருக்கிறது. வெள்ளையாகத் தெரிகிறது என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறது என்று பொருள். அது விழுங்குவது புற ஊதாக் கதிரை மட்டும். வெயிலில் புற ஊதா சுமார் 5 சதவீதம். மீதியெல்லாம் வீண். வெள்ளையாக இருப்பது நிறத்தைப் பிடிக்கவேண்டும் என்றால் என்ன செய்வது? சாயப்பட்டறைக்காரன் மகனிடம் கேட்டால் விடை சொல்லிவிடுவான். சாயம் போடவேண்டும்.

விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். அதில் முக்கியமான பங்கு ஒரு தமிழருடையது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் கிராட்செலோடு பல ஆண்டுகள் வேலை செய்த கு. கல்யாணசுந்தரம். தமிழ் படிக்கிறவர்கள் அவரை வேறு வகையில் அறிவார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்கள்வரை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவரும் மதுரைத் திட்டத்தை வழிநடத்தியவர் அவர். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1978இல், கிவி, கிராட்செல் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றியது.

அந்தக் குடுவைக்குள் இருந்த பொருள்களைக் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒளியை விழுங்குவதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு ருத்தேனியம் சேர்மம். அது தூக்கிவிடும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள மெத்தில் வயலோஜன். நம் தோட்டங்களில் களைக்கு அடித்த பாராகுவாட் மருந்தின் மூலக்கூறும் அதுவேதான். எலக்ட்ரான் வாங்கியதும் அது அடர்ந்த நீலமாக மாறும். அந்த நீலத்திலிருந்து பிளாட்டினத் துகள்கள் எலக்ட்ரானை வாங்கித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை விடுவிக்கும், நீலம் மறையும். எலக்ட்ரானைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்க இ.டி.டி.ஏ. அதையும் நாங்கள் அறிவோம், சாயத்தொட்டியில் உப்புத் தண்ணீரின் கடினத்தை அடக்கப் போடுகிற பொருள். எங்கள் பட்டறையில் நூல் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியதும், லோசான் குடுவையில் நீலம் தோன்றி மறைந்ததும் ஒரே காரியத்தின் இரண்டு வடிவங்கள்.

1981இல் கல்யாணசுந்தரமும் கூட்டாளிகளும் காட்மியம் சல்பைடு கூழ்மத்தை எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் நிறப் பொருள், அதனால் நீல ஒளியையும் விழுங்கும். தொல்லை என்னவென்றால் வெளிச்சத்தில் அது தன்னையே அரித்துக்கொள்ளும். அதைத் தடுக்க மேலே ருத்தேனியம் டை ஆக்சைடு பூசினார்கள். இங்கே கதை மறுபடி மேட்டூர்ப் பக்கம் திரும்புகிறது. காஸ்டிக் ஆலைகளில் குளோரின் வரும் முனைக்குப் பழைய நாளில் கிராஃபைட் கட்டைதான், அது தேய்ந்துகொண்டே வரும். 1960களில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் பூசி, தேயாத மின்முனை செய்தார். நம் நாட்டில் அந்த மாதிரி முனையை உருவாக்கி ஆலைகளுக்குக் கொண்டுபோனது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் திறக்கப்பட்ட கழகம் அது. காஸ்டிக் ஆலையின் மின்முனையும் வெயிலில் தண்ணீரைப் பிரிக்கும் துகளும் ஒரே குடும்பப் பொருள்களால் ஆனவை. பழைய தொழிலின் அனுபவம்தான் புதிய ஆராய்ச்சிக்கு முதல்.

துகள் ஏன் அத்தனை பொடியாக இருக்கவேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒளி தூக்கிவிட்ட எலக்ட்ரான், தான் விட்டுவந்த காலி இடத்தில் மறுபடி விழுந்துவிடப் பார்க்கும். அதற்குள் மேற்பரப்பை அடைந்தால்தான் வேலை நடக்கும். துகள் சிறியதாக இருந்தால் தூரம் குறைவு. பரப்பும் பெருகும். ஒரு கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு ஒரே கட்டியாக இருந்தால் அதன் வெளிப்பரப்பு இரண்டரை சதுர சென்டிமீட்டர்கூட வராது. அதையே 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 75 சதுர மீட்டர் வரும். ஆறடிக்கு நாலடி பவானி ஜமக்காளம் முப்பத்து மூன்றை விரித்துப் போட்ட பரப்பு, ஒரு சிட்டிகைப் பொடியில். 1991இல் கிராட்செலும் பிரையன் ஓ'ரீகனும் இந்தப் பொடியை மெல்லிய படலமாக்கிச் சாயத்தில் ஊறவைத்து, வெயிலில் மின்சாரம் தரும் கலத்தைச் செய்தார்கள். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் சாயம் தோய்க்க ஆரம்பித்தன.

இந்தியாவில் 2007இல் நானோ திட்டம் தொடங்கியபோது அதற்குத் தலைமை வகித்தவர் சி.என்.ஆர். ராவ். பெங்களூரு ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அவரும் மாணவர்களும் 2013இல் மாலிப்டினம் டைசல்பைடை ஒற்றை அடுக்கு அளவுக்கு மெல்லிய தாளாக்கி, ஒளியில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டினார்கள். விலை உயர்ந்த பிளாட்டினத்தின் வேலையை மலிவான பொருளால் செய்ய முடியும் என்பது அதன் சிறப்பு. ஒளியை விழுங்க அவர்கள் போட்டது இயோசின். சிவப்பு மைக்கும் பட்டுக்கும் போட்ட பழைய சாயம்.

சாயக்காரர் வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் இந்தச் செய்திகள் எனக்குப் பெருமை. வேதியியல் ஆசிரியர் என்பதால் ஒன்றை விடாமல் சொல்லவும் வேண்டும். இயோசின் குடுவையில் எலக்ட்ரான் கொடுத்தது ட்ரைஎத்தனாலமீன். லோசானின் முதல் குடுவையில் இ.டி.டி.ஏ. காட்மியம் சல்பைடு வேலைகள் பலவற்றில் சோடியம் சல்பைடும் சல்பைட்டும். இவை எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அழிந்துபோகும் பொருள்கள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஏற்பாடு தேவை, ஆராய்ச்சியாளர்களும் அதை மறைப்பதில்லை. ஆனால் செய்தியாக வரும்போது தண்ணீரும் வெயிலும் மட்டுமே போதும் என்று ஆகிவிடுகிறது. ஹைட்ரோஸ் மூட்டையின் விலையைக் கணக்கில் எழுதாமல் சாயம் லாபம் என்று சொல்வதற்கு எங்கள் அப்பா ஒருநாளும் சம்மதித்திருக்கமாட்டார்.

எதையும் பலி கொடுக்காமல் தண்ணீரை முழுசாகப் பிரித்து, திறந்த வெளியில் பெரிய அளவில் காட்டியவர்கள் மறுபடியும் ஜப்பானியர்களே. கசுனாரி டொமெனின் குழு அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பொடியைத் தட்டுகளில் பரப்பி, 100 சதுர மீட்டர் பரப்பில் வெயிலில் வைத்தது. 2021இல் நேச்சரில் வெளியான அந்த முடிவின்படி, வெயிலின் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 சதவீதம் ஹைட்ரஜனாக மாறியது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வரும் என்பதால் வெடிக்காமல் பிரிப்பதும் ஒரு தனி வேலை. அதையும் செய்து காட்டினார்கள். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 5 யூனிட் ஆற்றல் விழுகிறது. அந்த 100 சதுர மீட்டரை இங்கே வைத்தால் நாளுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன் கிடைக்கும். அதே இடத்தில் சாதாரண சூரியத் தகடு போட்டு, அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் இரண்டு கிலோவுக்குப் பக்கமாகக் கிடைக்கும். இன்றைய நிலவரத்தில் இடைத்தரகரான மின்சாரம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பொடியின் பலம் வேறு இடத்தில். தகடும் மின்கலமும் பெரிய முதல் கேட்கும். பொடியும் தட்டும் மலிவு. ஐந்து முதல் பத்து சதவீதம் எட்டினால் கணக்கு மாறும் என்பதால்தான் இத்தனை பேர் இத்தனை வருடம் இதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லவேண்டும். காளிங்கராயன் வாய்க்கால் பவானி ஆற்றிலிருந்து பிரியும் ஊர் எங்கள் ஊர். அது 1283இல் முடிந்த வாய்க்கால் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹைட்ரஜன் தொழில் வந்தால் ஆறு வற்றிவிடுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதும். ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் அறிவித்த தேசியப் பச்சை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். நாட்டுக்கே அதற்குத் தேவையான தண்ணீர் ஒன்றரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். சுத்திகரிப்பும் குளிர்விப்பும் சேர்த்து இரண்டு, மூன்று மடங்கு ஆனாலும், மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைத்தால் ஆறு வற்றாது என்று தெரியும். ஆனால் ஆறு வற்றாமலே கெட்டுப்போகும் என்பதை நொய்யலிலும் காளிங்கராயன் வாய்க்காலிலும் பார்த்தவர்கள் நாம். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததற்காக 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குக் காரியம் போனது. எங்கள் வீட்டுச் சோறு அந்தத் தொழிலில் வந்தது. அதனால் எனக்கு இதில் பொறுப்பு உண்டு.

அதனால்தான் வெயிலால் தண்ணீரைப் பிரிக்கும் ஆராய்ச்சியில் ஒரு கிளை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. டைட்டானியம் டை ஆக்சைடு வெளிச்சத்தில் தண்ணீரின் எலக்ட்ரானை மட்டும் பிடுங்குவதில்லை, தண்ணீரில் கலந்திருக்கும் சாயத்தின் எலக்ட்ரானையும் பிடுங்கி அதைச் சிதைக்கிறது. சல்பர் பிளாக் சாயத்துக்கும், ஈரோட்டுத் தோல் பட்டறைகளில் முடி நீக்கவும் போடுவது சோடியம் சல்பைடு. காட்மியம் சல்பைடு குடுவையில் எலக்ட்ரான் கொடுத்து அழிந்துபோகும் பொருளும் அதுதான். காசு கொடுத்து வாங்கிய ரசாயனத்தைப் பலியிட்டு ஹைட்ரஜன் எடுத்தால் அது நட்டம். ஏற்கெனவே கழிவாகி, நாம் செலவு செய்து நீக்கவேண்டிய சல்பைடு எலக்ட்ரான் கொடுத்தால் அது வரவு. ஹைட்ரஜன் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் தண்ணீர் சுத்தமாகும். நச்சான காட்மியத்துக்கு மாற்றுப் பொருள் வேண்டும், உப்பேறிய கழிவில் பொடி எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கவேண்டும், பொடியே ஆற்றில் கலந்துவிடாமல் பிடிக்கவேண்டும். கடினமான வேலைதான். செய்யத் தகுந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியல் துறை இருக்கிறது, திருச்செங்கோடு கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியிலும் நானோ ஆய்வு நடக்கிறது. கழிவுநீர் மாதிரிக்கு அவர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

என்னிடம் படித்து இன்று ஆய்வு மாணவர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஒரு பொடி நன்றாக வேலை செய்தால் அது ஒரு கட்டுரைக்குப் போதும். அதே பொடியைக் குமாரபாளையத்துச் சாயக்கழிவில் போட்டுப் பாருங்கள். ஹைட்ரஜன் எத்தனை வந்தது என்று எழுதும் அதே பக்கத்தில், எலக்ட்ரான் எதிலிருந்து வந்தது, அந்தப் பொருளின் விலை என்ன, கடைசியில் மிஞ்சிய தண்ணீரை எங்கே விட்டோம் என்ற மூன்றையும் எழுதுங்கள். மேட்டூர்க் காலத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை, பட்டறைக் காலத்தில் நாங்கள் கேட்கவில்லை, அதற்கான விலையை ஆறுகள் கொடுத்தன. அடுத்து வரும் தொழில் இந்தக் கணக்கோடு வரட்டும். அப்படி வந்தால் கொங்கு நாட்டில் அதற்கு இடம் கொடுக்க நான் முழு மனத்தோடு சம்மதிக்கிறேன்.